மஸ்கட்டுக்குத் தைத்த சட்டை

மலேசியாவின் பகாவ் பட்டணத்துத் துணிக்கடை ஒன்றில், ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால், கழுத்திலிருந்து கால்வரை இறங்கும் கறுப்பு ஜூபா அங்கியை மாட்டிக்கொண்டு நின்றாள் லோகேஸ்வரி. கையைத் தூக்கிப் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள். துணி வழவழவென்று இருந்தது. இரண்டு நிமிடத்தில் முதுகுத்தண்டு வழியாக வேர்வை ஒரு கோடு போட்டு இறங்கியது. கடைக்கார மலாய்ப் பெண் ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். லோகேஸ்வரிக்கு என்னவோ மடக்கிச் சுவரில் சாத்திவைத்த குடைதான் ஞாபகத்துக்கு வந்தது. எதற்கும் கேட்டுவிடுவோம் என்று வாசல்வரை வந்தாள். வெளியே மோட்டாரில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் மாயாண்டி, தலைக்கவசத்தைக் கழற்றி நிதானமாகப் பார்த்தான். மறுபடியும் மாட்டிக்கொண்டான்.

"நல்லாத்தான்லா இருக்கு. யாரு செத்துட்டா?"

அவள் உள்ளே போய்க் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஐம்பத்தொரு வயதில் அவள் போன தூரப் பயணம் என்றால் பினாங்குத் தைப்பூசமும், ஒரு தடவை சிங்கப்பூரும்தான். இப்போது மஸ்கட். மகன் தேவன் நான்கு வருடமாக அங்கே துறைமுகத்தில் மின்பொறியாளன். அவனுக்கு அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப்போயிற்று. தர்ஷிகா, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள், சிரம்பான்காரி. ஒரே மாநிலத்தில் ஒரு மணி நேர ஓட்டத்தில் பிறந்து வளர்ந்த இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்கப் பாலைவனம் வரைக்கும் போக வேண்டியிருந்திருக்கிறது. தர்ஷிகாவின் அம்மா ஆனந்தவல்லி, இடைநிலைப் பள்ளியில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை அங்கே எப்படி இருக்கிறான் என்று கண்ணால் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். தேவன் சமயோசிதமாக இரண்டு அம்மாக்களுக்கும் ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான். அப்பனுக்கும் போடுகிறேன் என்றதற்கு, ஆகாயத்தில் தனக்கு ஒரு வேலையும் கிடையாது என்று மாயாண்டி சொல்லிவிட்டான்.

லோகேஸ்வரிக்கு விமானம் பயமில்லை. பக்கத்து இருக்கைதான் பயம். ஆனந்தவல்லி டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவருடைய தாத்தா போர்டிக்சன் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக் காற்சட்டை போட்டுக் கணக்கெழுதிய கிராணி. லோகேஸ்வரியின் தாத்தா அதே மாதிரி ஒரு கிராணியின் மேசைக்கு முன்னால், விடியுமுன் பேர் கூப்பிடுகிற வரிசையில் பால்வாளியோடு நின்றவர். இதையெல்லாம் இந்தக் காலத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் சிரம்பான் உணவகத்தில் இரண்டு குடும்பமும் ஒரு மணி நேரம் சந்தித்தபோது, டீச்சரின் மரியாதை அடிக்கோல் வைத்து அளந்தது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. வெயிலும் கட்டுப்பாடும் உள்ள நாட்டுக்குப் போகிறோம், ஆகவே தோள் மூட வேண்டும், முழங்கை மூட வேண்டும், மெல்லிய துணி கூடாது, இறுக்கம் கூடாது. ஏழாவது, பளிச்சென்ற நிறங்கள் தவிர்க்கவும். மொத்தம் பதினோரு விதி. ஒவ்வொன்றும் நியாயம்தான். வாசிக்க வாசிக்கப் பரீட்சை மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

ஜூபா சரிப்படவில்லை என்று அவள் தயங்கித் தயங்கிச் செய்தி அனுப்பினாள். சனிக்கிழமை மூன்று மணிக்குத் தானே வருவதாகவும், சேர்ந்தே போய் வாங்கலாம் என்றும், அப்படியே வீட்டையும் பார்த்ததாக இருக்கும் என்றும் டீச்சரிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கடைசி வரி அவளுடைய மூன்று நாள் நிம்மதியைத் தின்றது. தரையை இரண்டு தடவை கழுவினாள். மாயாண்டியின் லாரிச் சாமான்கள் கட்டிலுக்கடியில் ஒளிந்தன. சனிக்கிழமை அரைநாள் வேலை. பன்னிரண்டுக்கு முடித்து, குளித்து, மாம்பழ நிறப் புடவை கட்டி, வாழ்க்கையில் வேர்வையையே கண்டறியாதவள் போல வாசலில் நிற்பது என்று திட்டம்.

லோகேஸ்வரி எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களை மேற்பார்க்கும் மண்டோர். மண்டோர் என்றாலும் சும்மா நிற்கிறவள் இல்லை, அவளும் குனிந்து பொறுக்குவாள். முழுக்கைப் பருத்திச் சட்டை, அது மாயாண்டியுடையது, இரண்டு சுற்றுப் பெரியது. தொளதொளவென்ற காற்சட்டை, பூட்ஸ், கையுறை. தலையையும் மூக்கையும் வாயையும் சுற்றி ஒரு பருத்தித் துண்டு, அதற்கு மேலே அகலத் தொப்பி. வெளியே தெரிவது இரண்டு கண் மட்டும். கொசு, முள், வெயில் எதுவும் அண்டாது.

அன்று பதினோரு மணிக்கு, பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் வெள்ளைக் கார் ஒன்று ஆடி ஆடி வந்து, முந்தின நாள் மழைச் சேற்றில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. கதவு திறந்தது. பாட்டில் பச்சைப் பட்டு, உள்ளங்கை அகலச் சரிகை, முழங்கைக்குக் கீழே இறங்கிய ரவிக்கை.

"யாருடி இது," என்றாள் பக்கத்தில் நின்ற மங்கம்மா. "கல்யாணத்துக்குப் போற வழி தப்பிருச்சா?"

லோகேஸ்வரிக்குப் பார்த்தவுடனே தெரிந்தது, ஆனந்தவல்லி டீச்சர். பொழுது சாயுமுன் சிரம்பான் திரும்ப வேண்டும் என்று டீச்சர் நேரத்தை மாற்றிக் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போனுக்குச் சிக்னல் கிடையாது. வழி சொல்லும் பெண்குரலை நம்பி டீச்சர் தோட்டத்தின் பின்பக்கமாக நுழைந்துவிட்டார்.

டீச்சர் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக அவளிடமே வந்தார். இந்தோனேசியக்காரி என்று நினைத்திருப்பார். அக்கா என்கிற பொருளில் காக் என்று கூப்பிட்டு, மண்டோர் லோகேஸ்வரியின் வீடு எங்கே என்று மலாயில் கேட்டார்.

துண்டுக்குள்ளே லோகேஸ்வரியின் முகம் கொதித்தது. பிறகுதான் புத்திக்கு உறைத்தது. இவருக்கு என்னைத் தெரியவில்லை. தெரிய வேண்டியதுமில்லை. இப்போது மோட்டாரை எடுத்தால் எட்டு நிமிடத்தில் வீடு. இவர் காரை இழுத்து வெளியே எடுத்து வருவதற்குள் குளித்துப் புடவையே கட்டிவிடலாம். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு மலாயிலேயே பதில் சொன்னாள். வீடு தூரம், இங்கேயே நிழலில் இருங்கள், காரை இழுக்க ஆள் வரும். மங்கம்மா சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே ஒரு பனைக்குப் பின்னால் போய்விட்டாள்.

மோட்டாரை நோக்கிப் பத்தடி நடந்திருப்பாள். என்னவோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். டீச்சர் நிழலுக்குப் போகவில்லை. காரின் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகம் செங்கல் நிறமாகியிருந்தது. பட்டு முதுகோடு ஒட்டிக் கறுத்திருந்தது. கை கதவிலிருந்து வழுக்க, அவர் மெல்ல, மிகவும் கௌரவமாகவே, வெட்டிப் போட்ட மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்தார்.

லோகேஸ்வரி ஓடினாள். மங்கம்மாவும் அவளுமாக டீச்சரை நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரவிக்கையின் மேல் கொக்கியைத் தளர்த்தி, பையிலிருந்த சுத்தமான துண்டைக் குடிதண்ணீரில் நனைத்துக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, தொப்பியால் விசிறினாள். தொப்பி போயிற்று, முகத்துத் துண்டும் எப்போதோ அவிழ்ந்து தோளில் கிடந்தது. வாய் பாட்டுக்குத் தமிழில் பேசிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிங்க டீச்சர், கண்ணை மூடாதீங்க டீச்சர். டீச்சரின் கண் அவள் முகத்தில் வந்து நின்றது.

"லோகேஸ்வரியே? ஏன் நீங்கள் சொல்லேல்லை?"

பொய் ஒன்றும் கைக்கு அகப்படவில்லை. "இந்தக் கோலத்துல நீங்க என்னையப் பாக்கக் கூடாதுன்னு நெனச்சேன் டீச்சர்."

டீச்சர் இன்னொரு வாய் தண்ணீர் குடித்தார். மடியில் கிடந்த சேறு பட்ட சரிகையைப் பார்த்தார்.

"நானும் உங்களுக்குக் காட்டத்தானே இந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்தனான்."

முதலில் சிரித்தது மங்கம்மாதான். அப்புறம் மூன்று பேருமே சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரித்து மூச்சு வாங்க, மறுபடியும் விசிற வேண்டியதாயிற்று.

தெளிந்ததும் டீச்சருக்கு ஒரு சந்தேகம். அவர் கைநீட்டி லோகேஸ்வரியின் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்தார். இவ்வளவு மூடிக்கொண்டு வேலையும் செய்து, உங்களுக்கு எப்படி ஒன்றும் ஆகவில்லை என்று கேட்டார்.

"மூடுறதுல ஒண்ணுமில்ல டீச்சர். ஒட்டுறதுதான் தப்பு. துணி பருத்தியா இருக்கணும், ஒடம்ப விட்டுத் தள்ளி நிக்கணும். காத்து கீழ நொழஞ்சு மேல போவணும். கையத் தொறந்து போட்டா இந்த வெயிலு தோலையே வேக வச்சிரும்."

டீச்சர் கவனமாகக் கேட்டார். கணக்கு ஒன்று விடை சரியாக வருவதைப் பார்க்கிற மாதிரி தலையை ஆட்டினார். பட்டியலில் அது விட்டுப்போய்விட்டது என்றார்.

வழக்கம்போலப் பழம் ஏற்றுகிற நேரத்துக்கு மாயாண்டி லாரியோடு வந்து சேர்ந்தான். சேற்றில் கிடக்கிற காரையும் மட்டைமேல் உட்கார்ந்திருக்கிற சம்பந்தியம்மாளையும் பார்த்து, இதெல்லாம் நாள்தோறும் நடக்கிறதுதான் என்பது போல, வாங்க டீச்சர் என்று கும்பிட்டு, கயிற்றைக் கட்டி ஒரே இழுப்பில் காரை வெளியே எடுத்தான்.

வீட்டில் கழுவிய தரையை டீச்சர் கவனித்ததாகத் தெரியவில்லை. முதல் வேலையாகக் குளியலறை எங்கே என்றுதான் கேட்டார். குளித்துவிட்டு லோகேஸ்வரியின் பஞ்சாபி சட்டையை உடுத்தி வந்தார். தீபாவளிக்குத் தைத்தது, வெங்காயத் தோல் நிறம், பருத்தி. தோள் இரண்டு விரல் கீழே இறங்கி நின்றது. அதோடேயே சோறும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். அதோடேயே இருவரும் பகாவுக்குக் கிளம்பினார்கள்.

கடையில்தான் சண்டை. சாம்பல், காப்பி, மறுபடியும் சாம்பல் என்று டீச்சர் எடுத்துவைத்தார். லோகேஸ்வரி கத்தரிப்பூ நிறத்தையும், பூக்கள் அச்சிட்ட ஆரஞ்சையும் விடவில்லை. பத்து நாள் பயணம் போவதற்கு எதற்கு டீச்சர் துக்க வீட்டுத் துணி என்று கேட்டே விட்டாள். வழக்கைத் தீர்க்க டீச்சர் மகளுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். திரையில் தர்ஷிகா வந்தாள். துணியைப் பார்க்கவேயில்லை.

"அம்மா, ஆரின்ரை உடுப்பு அது?"

"லோகேஸ்வரியின்ரை. நல்லாக் கிடக்கு, என்ன?"

தர்ஷிகா திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து அம்மாவை மறுபடியும் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே சாதாரணமான குரலில், நிறத்துக்கு இங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், உள்ளூர்ப் பெண்கள் சிலர் இதைவிடப் பளிச்சென்று உடுத்துகிறார்கள், கையும் காலும் மூடியிருந்தால் போதும் என்றாள். டீச்சர் கடையிலேயே நின்று, கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, போனில் பட்டியலைத் திறந்து ஏழாவது விதியை அழித்தார்.

மலாய்த் தையல்காரி அளவெடுத்தாள். முழங்காலுக்குக் கீழே இறங்கும் சட்டை, மலாய்ப் பெண்கள் போடுகிற பாஜு கூரோங் போலத் தொளதொளப்பாக. மணிக்கட்டில் கூடுகிற அகலக் கை, மூடிய கழுத்து. ஆனால் பக்கத்தில் ஒரு திறப்பு வேண்டும், காற்று வர. உள்ளே அகலக் காற்சட்டை. கழுத்தோரம் மெல்லிய பின்னல் வேலை ஒன்று வைக்கச் சொன்னது டீச்சர். அந்தப் பின்னல் மட்டும் இல்லாவிட்டால் தோட்டத்து வேலைச் சட்டைதான், இப்போது ராணி மாதிரி ஆகிவிட்டது என்று லோகேஸ்வரி சொல்ல, டீச்சர் சந்தோஷத்தை மறைக்கக் கைப்பையில் எதையோ தேடினார். ஆளுக்கு நான்கு தைத்தார்கள்.

மஸ்கட்டில் ஐந்தாம் நாள் மாலை, மத்ரா கடற்கரைச் சாலையில் நால்வரும் நடந்தார்கள். வெயில் இறங்கியும் சாலை அடுப்புக்கல் போலச் சூடு விட்டுக்கொண்டிருந்தது. சந்தையில் சாம்பிராணி விற்ற ஓமானியப் பெண் ஒருத்தி லோகேஸ்வரியின் கத்தரிப்பூச் சட்டையின் கையை விரலால் பிடித்துப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று சைகையில் கேட்டிருந்தாள். பகாவ் என்று அவள் பெருமையாகச் சொன்னாள். டீச்சர் உடனே மலேசியா என்று திருத்தினார்.

கல்யாணப் பேச்சை மட்டும் டீச்சர் இன்னும் எடுக்கவில்லை. தேவனின் அறையைப் பார்த்தார், அவன் வேலை செய்கிற இடத்தை வெளியே நின்று பார்த்தார், அவன் கார் ஓட்டும்போது வேகம் காட்டும் முள்ளைக்கூடப் பார்த்தார். தேவன் நடையைக் குறைத்து அம்மாவின் பக்கம் வந்தான்.

"ஆன்ட்டி ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"நீ சோறு ஒழுங்கா வடிப்பியான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சுமாருதான்னு சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்துத் தர்ஷிகா வாயைப் பொத்திக்கொண்டாள். கடலிலிருந்து சட்டென்று ஒரு பெருங்காற்று ஏறி வந்தது. முன்னால் தனியாக நடந்துகொண்டிருந்த ஆனந்தவல்லி டீச்சரின் ஆரஞ்சுச் சட்டை இரண்டு பக்கமும் உப்பி, பாய் விரித்த தோணி போலானது. வேறு நாளாக இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து அமுக்கியிருப்பார். அவர் கைகளைக் கொஞ்சம் அகட்டிக்கொண்டு, காற்றைத் தாராளமாக உள்ளே விட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி நடையை எட்டிப் போட்டார். லோகேஸ்வரி செருப்பு சடசடக்கப் பின்னாலேயே ஓடினாள்.