பாதி மெஷின் துணி

சலவை நிலையத்துக்குப் புது கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்ததிலிருந்து, அதை நடத்தும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரச் சிஸ்டம்தான். எந்த மெஷினில் எந்தத் துணி, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம் என்று திரையில் புட்டுப் புட்டு வைக்கும். மெஷின்களை ஓட்டுவதும் அதுதான். செலவும் மளமளவென்று இறங்கியது. ஆனால் ஆஸ்பத்திரித் துணி மட்டும் தினமும் தாமதம். இன்று மத்தியானத்துக்குள் ஆபரேஷன் துணி வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று தலைமை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டார். இருப்பதிலேயே பெரிய வாடிக்கை அந்த ஆஸ்பத்திரிதான். அது கைவிட்டுப் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கூடவே தொழில் பார்க்கும் தம்பிக்குக் காலையிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். சிஸ்டத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பழையபடி பார்ப்போம் என்று ஒற்றைக்காலில் நின்றான். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டே போனாள். மூலையிலிருந்த மெஷின் முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே பாதி வரை ஆபரேஷன் துணி. மெஷின் ஓடவில்லை. மீதியும் நிறையட்டும் என்று சமர்த்தாகக் காத்துக்கொண்டிருந்தது.

நிறையாத மெஷினை ஓட்டாதே என்று முதல் நாளே சிஸ்டத்துக்குச் சொன்னது வேறு யாருமில்லை, அவளேதான். மிச்சம் பிடிக்கும் ஆசை. அதுவும் பாவம், சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்டிருக்கிறது. வெட்கத்தையும் மீறி அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டதே.

"டேய், இத இப்பவே ஓட்டு."

"பாதிதானேக்கா இருக்கு? தண்ணியெல்லாம் வீணாப் போகும்."

"தண்ணிய மிச்சம் பண்றதுக்காடா அவங்க நம்மகிட்ட துணி போடுறாங்க? நேரத்துக்கு வரணும்னுதானே போடுறாங்க. அதத்தான்டா நாம சிஸ்டத்துக்கு மொதல்ல சொல்லியிருக்கணும்."

தம்பியே பாய்ந்துபோய்ப் பொத்தானை அழுத்தினான். அதற்கப்புறம் அந்த இடமே அமளிதுமளிப்பட்டது. துவைத்து முடித்ததும் உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் மடித்துக் கட்டி, இருவரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். வேன் கிளம்பிய பிறகு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் போனுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

போன் அடித்தது. தலைமை நர்ஸ்தான்.

"துணி வந்துருச்சு. டாக்டர் ஆபரேஷன ஆரம்பிச்சுட்டார். நாளைக்கும் இதே மாதிரி அனுப்பிடுங்க."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்லலாமென்று திரும்பினால் தம்பியைக் காணோம். இத்தனை நாள் தொட்டுக்கூடப் பார்க்காத கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, துணி எத்தனை மணிக்கு வேணும்னு இதுல எங்க போடணும்?"