மூன்று கோட் அடித்த உருண்டை

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை; சமயநல்லூர் பேருந்து நிறுத்தத்தில் கட்டியிருந்த பிளெக்ஸ் பேனரில் பிறந்தது. "அணுவுக்கே ஆடை கட்டிய அரசியே!" என்று எழுதி, மேலே ராக்கெட் பறக்க, நடுவில் பிளஸ் டூ மாணவி சமீனா. அவளைச் சுற்றிப் பதினொரு மீசைகள், கும்பிட்டபடி. சிரிப்புக் கதை ஒன்று சும்மா கிடைத்தது என்று பேனாவைத் திறந்தேன். திறந்திருக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "விஞ்ஞானம் வீறுநடை போடும் இந்நாளில், வைகைக் கரையிலே ஒரு..." (வேண்டாம். பேனர் எழுதியவரின் நடை தொற்றிக்கொண்டது.)

இரண்டாவது: சமீனா அடுப்படியில் நின்றாள். (இது போதும்.)

ஆலைகளில் வினையூக்கித் துகள்கள் சீக்கிரம் கெடாமலிருக்க மேலே மெல்லிய பூச்சு கொடுப்பார்களாம். பூச்சு தடித்தால் வேலை மந்தமாகுமா? அதுதான் அவள் கேள்வி. துகளுக்குப் பதில் ஈஸ்ட். பூச்சுக்கு, நோன்புக்கு வாங்கி மிஞ்சிய கடல்பாசி; காய்ச்சி ஆறவைத்தால் ஜெல்லியாக உறைவது. ஆறிய கடல்பாசியில் ஈஸ்ட்டைக் கலந்து சிறு உருண்டைகளாக்கினாள். சிலவற்றை அப்படியே வைத்தாள்; சிலவற்றைக் காய்ச்சிய கடல்பாசியில் மறுபடி முக்கினாள். எல்லாவற்றையும் புண் கழுவும் பெராக்சைடில் போட்டாள்; ஈஸ்ட் பட்டால் அது நுரைக்கும். வெறும் உருண்டை நுரைத்துப் பொங்கியது. ஒரு பூச்சு போட்டது மெதுவாகக் குமிழி விட்டது.

3

பக்கத்துப் பெயின்ட் கடை உக்கிரபாண்டிதான் பேனரின் புரவலர். இவரை வில்லனாக்கத் திட்டமிட்டிருந்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.

"மூணு கோட் அடிச்சுப் பாரு தாயி. மூணு கோட்டுன்னா சுவரே மூச்சு விடாது" என்று அன்று யோசனை சொன்னவர் அவர்.

மூன்று முறை முக்கினாள். ஒரு குமிழிகூட இல்லை. தடித்த பூச்சு வினையை அறவே நிறுத்திவிடும் என்று எழுதிக் கொடுத்தாள். மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு, சென்னையில் நடக்கும் மாநிலக் கண்காட்சிக்குத் தேர்வு, மறுநாளே பேனர். (அதில் சமீனாவைவிட உக்கிரபாண்டி அரை அடி பெரியவர்.)

4

சென்னைக்காகப் புதிதாகச் செய்த மூன்று கோட் உருண்டைகளில் ஒன்றை, பூச்சின் அடுக்குகளைப் படம் பிடிக்க, பிளேடால் இரண்டாக வெட்டினாள். பாதியைச் சும்மா பெராக்சைடில் போட்டுப் பார்த்தாள். பிறகு இன்னொரு முறை கடல்பாசி காய்ச்சினாள்; வெகுநேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"அத்தா, இங்க வாங்களேன்."

அவள் அப்பா அப்துல் லத்தீப் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, சும்மா கெடக்கு?"

"அதான் அத்தா. வெட்டுனா உள்ள இருக்குற ஈஸ்ட் பொங்கணும்ல? பூச்சு தடுக்கல. கொதிக்கக் கொதிக்க மூணு தடவ முக்குனேன்ல, அந்தச் சூட்டுல செத்துப்போச்சு. ஆறவச்சு முக்கிப் பாத்தேன், மூணு கோட்லயும் குமிழி வருது. நான் எழுதுனது தப்பு."

"யாருக்கும்மா தெரியப்போகுது?"

"உங்களுக்குத் தெரியும்ல."

இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

5

முடிவு அ: மேடையேறி உண்மையைச் சொல்கிறாள். அரங்கம் எழுந்து கைதட்டுகிறது. (நம் ஊர் மேடையில் நான் கேட்டதெல்லாம் மைக் கீச்சிடும் ஒலிதான். தவிர, சொன்னால் சென்னை வாய்ப்பு இரண்டாமிடம் வந்த அலங்காநல்லூர் சூர்யபிரகாஷுக்குப் போய்விடும்.)

முடிவு ஆ: சொல்லவில்லை. சென்னையிலும் பரிசு. இதை எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். சென்னைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, சமீனா பெயின்ட் கடைக்குப் போனாள்.

"மாமா, பேனர எறக்கிருங்க."

"ஏன் தாயி, மூஞ்சி சரியா விழலையா?"

சொன்னாள்.

"அட, அம்புட்டுத்தானா? அதுக்கு மேல இன்னொரு கோட்ட அடிச்சு..." உக்கிரபாண்டி ரோலரைக் கீழே வைத்தார். "மூணு கோட்டுன்னு நாந்தான தாயி சொன்னேன்."

"நீங்க சுவத்துக்குச் சொன்னீங்க மாமா. நான்தான் கொஞ்சம் ஆறவச்சிருக்கலாம்."

ஏணியைத் தூக்கிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தார். பேனரின் ஒரு கயிற்றை அவிழ்த்தார். மீசைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன. மறு கயிற்றில் கை வைத்தவர், அங்கிருந்தே கேட்டார்:

"எறக்குனா ஊரு கேக்கும், சொல்லித்தான் ஆகணும். பேனர் போனாப் போகுது, நாளைக்கே வேற அடிக்கலாம். சென்னை போச்சுன்னா வருமா தாயி?"

6

இதற்கு மேல் என் பேனா நகரவில்லை. இந்தக் கதையை நானும் கொஞ்சம் ஆறவைத்து எழுதியிருக்கலாம்.

உக்கிரபாண்டி ஏணியில் நிற்கிறார். முட்டிவலிக்காரர், அதிக நேரம் நிற்க முடியாது. கீழே சமீனா ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். இந்த நேரத்தில் அவளுக்கு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நன்றாயிருக்கும். என்னிடம் இருப்பதெல்லாம் கேலி.

நீங்களும் அதே நிறுத்தத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறீர்கள்.