‘ஏற்கிறேன்’ என்றொரு பட்டன்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ‘வேகம்’தான். மற்றவன் மூன்று நாள் உருட்டுகிற வேலையை ஐயா ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிடுவார். எப்படி முடித்தார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

நாட்டில் பாதிப் பேர் வேலைக்கு விண்ணப்பிக்கிற இணையதளம் அது. வேலை கிடைத்தவர்கள் கடைசியாக அழுத்த வேண்டிய ‘ஏற்கிறேன்’ பட்டனைச் செய்தது நம்ம வேகம். இணையப் பக்கம் எழுத உலகமே ஒத்துக்கொண்ட முறை ஒன்று இருக்கிறது. அதன்படி பட்டனைப் பட்டன் என்றே எழுதினால், மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே அழுத்தலாம். கண் தெரியாதவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டுகிற மென்பொருளும் ‘பட்டன், ஏற்கிறேன்’ என்று சொல்லும். இவனோ வெறும் கட்டம் ஒன்றைப் போட்டு, பச்சை மினுமினுப்பைப் பூசி, மவுஸுக்கு மட்டும் வேலை செய்கிற மாதிரி ஒட்டிவிட்டான். முறைப்படி எழுதியும் அதே பச்சையைப் பூசியிருக்கலாம், கூடப் பத்து நிமிஷம் பிடித்திருக்கும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் துரைக்குப் பொறுமை இல்லை.

பக்கங்களைச் சோதித்துப் பார்க்கிற பெண் அன்றைக்கே இதைக் குறையாக எழுதிப் போட்டாள். கூட்டத்தில் அவன் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டே, கண் தெரியாதவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகாராவது வந்திருக்கிறதா என்று கேட்டான். வரவில்லைதான். புகார்ப் பக்கத்திலும் அதே பச்சைக் கட்டம்தான், பிறகு எப்படி வரும்? மேனேஜர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ‘தேவையில்லை’ என்று எழுதிக் குறையை மூடினார்கள்.

சிரிப்பு மூட்டியவன் வீட்டிலேயே கண் தெரியாத அக்கா ஒருத்தி இருந்தாள். அக்கா கம்ப்யூட்டரில் என்ன செய்கிறாள், எப்படிச் செய்கிறாள் என்று அவன் ஒரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். அந்த வேலையை மெஷின் எடுத்துக்கொண்டபின் தம்பி வீட்டில், வாஷிங் மெஷின் இருக்கிற பின்னறையில் எட்டு மாதமாக இருந்தாள். தம்பி பெண்டாட்டி ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அக்கா தொட்ட டம்ளரை எடுத்து மறுபடி கழுவுவாள், அந்தச் சத்தம் அக்காவுக்குக் கேட்கும். இப்போது ஒலிப்புத்தக நூலகம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. தங்க அறையும் தருகிறார்கள். தன் கதவு, தன் சாவி. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஏற்கிறேன் என்று அழுத்த வேண்டும். முழுக்கக் கம்ப்யூட்டர் வேலை என்பதால், அடுத்தவர் கையால் அழுத்தினால் நியமனம் செல்லாது என்று போட்டிருந்தார்கள்.

புதன்கிழமையிலிருந்து முட்டி மோதினாள். தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு தம்பியிடம் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, வேறு வழியில்லாமல் போன் போட்டாள். கடைசிக் கேள்விவரை எல்லாம் வாசிக்கிறது, அடுத்து நேரே பக்கத்தின் அடிக்குத் தாவிவிடுகிறது, பட்டனே வரமாட்டேன் என்கிறது என்றாள்.

எந்தப் பட்டன் என்று அவன் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

"இந்தப் பக்கம் நீ பண்ணதாடா?" என்றாள்.

"இல்லக்கா, வேற டீம்."

வாய் கூசாமல் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரரை அழுத்தச் சொல், யாருக்குத் தெரியப் போகிறது என்றும் சேர்த்துச் சொன்னான். பொய் சொல்லி வேலைக்குப் போகமாட்டேன் என்றாள் அவள். உன் நியாயத்தை வைத்துக்கொண்டு நீயே அழு என்று போனை வைத்துவிட்டான்.

பத்து நிமிஷ வேலை. ஆனால் அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: வெள்ளிக்கிழமை எந்தப் பக்கத்திலும் கை வைக்க மாட்டார்கள். ஏதாவது புட்டுக்கொண்டால் சனி, ஞாயிறு போய்விடுமே. மேனேஜர் மனது வைத்தால் மீறலாம். அதற்கு, அன்று சிரித்தது தப்பு என்று இவன் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டும். திங்கட்கிழமை இவனுக்குப் பதவி உயர்வு வேறு.

நான்கரை மணிக்குச் சோதிக்கிற பெண் போனும் கையுமாக மேனேஜர் அறைக்குள் ஓடி வந்தாள். ஒரு அம்மா அலுவலகப் பொது எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார், ஐந்து மணிக்கு அவருடைய வாய்ப்பு போய்விடும், இப்போதே சரிசெய்ய வேண்டும் என்றாள். மேனேஜர் எதிரே உட்கார்ந்திருந்த வேகத்தைப் பார்த்து, அவ்வளவு அவசரமா என்று கேட்டார்.

அந்த அம்மா யாரென்று அவனுக்குத் தெரியும்.

"ஒரே ஒரு ஆள்தான் சார். திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

அந்தப் பெண் கையிலிருந்த போன் இணைப்பில்தான் இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா பின்னறையில் உட்கார்ந்திருந்தாள். என்னாச்சு என்று கேட்டான். நேரம் முடிந்துவிட்டது என்றாள். அவ்வளவுதான் பேச்சு. தப்பித்தோம்டா சாமி என்று பாவி நிம்மதியாகச் சாப்பிட்டான்.

திங்கட்கிழமை பத்து நிமிஷத்தில் பட்டனைச் சரிசெய்தான். பதவி உயர்வும் வந்தது. மேலிடத்துக்கு விஷயம் பிடித்துப்போய், கண் தெரியாத ஒருவர் அழுத்திக் காட்டுகிற மாதிரி ஒரு சின்ன விழா வைக்கலாம் என்றார்கள். என் சொந்த அக்காவே இருக்கிறார் சார் என்று முந்திக்கொண்டான். அக்காவும் மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்றாள்.

கூடம் நிறைய ஆட்கள், இரண்டு கேமரா. அக்காதான் தனக்கு எல்லாம் என்று வேகம் மைக்கில் உருகினான். அக்கா தன் லேப்டாப்பைத் திறந்து, சத்தத்தை முழுசாகக் கூட்டி, தன் கணக்குக்குள்ளேயே நுழைந்தாள். ‘பட்டன், ஏற்கிறேன்’ என்றது மென்பொருள். கைதட்டினார்கள். அவள் அழுத்தினாள்.

‘கால அவகாசம் முடிந்துவிட்டது. இந்த இடம் அடுத்தவருக்கு வழங்கப்பட்டது.’

கைதட்டல் பாதியில் நின்றது. மேனேஜர் பதறிப்போய், யாருடைய விண்ணப்பம் அம்மா இது என்று கேட்டார்.

அக்கா தம்பியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஒரே ஒரு ஆளோடதுதான் சார். திங்கட்கிழமை பாத்துக்கலாம்னு உங்க ரூம்ல என் தம்பி சொன்னான். நான் போன்லதான் இருந்தேன்."

சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே காரில்தான் வீடு திரும்பினார்கள். அக்காவுக்குப் போக வேறு இடம் இல்லை.