முனியப்பனிலிருந்து எண்பது அடி

பெங்களூரில் வெள்ளம் வந்ததற்குக் காரணம் என் சமையல்கட்டுதான் என்று 2005 நவம்பரில் எனக்குத் தெரிய வந்தது. சொன்னவர் சாதாரண ஆள் இல்லை, வார்டு எஞ்சினியர். சொன்னதோடு நிற்காமல் சமையல்கட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெரிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, பக்கத்தில் 4 என்று நம்பரும் எழுத வைத்தார்.

என் பெயர் சாந்தகுமாரி. ஸ்ரீராம்புரத்தைத் தாண்டி சின்னப்பா கார்டனில் ஜாக்கெட் தைக்கிறேன். மாமனார் மில் வேலையில் சம்பாதித்துக் கட்டிய வீடு. முன்னால் ஒரு அறை, நடுவில் என் தையல் மெஷின், அப்புறம் சமையல்கட்டு, கடைசியில் ஷீட் போட்ட பாத்ரூம். அதற்குப் பின்னால் பெரிய வாய்க்கால். பெரிய வாய்க்கால் என்பது பெயருக்குத்தான். ஒரு நீட்டு நீட்டிக் காலை வைத்தால் அந்தப் பக்கம் போய்விடலாம். அந்தப் பக்கம், வாய்க்காலை ஒட்டி, இரண்டு மாடியில் பச்சைப் பெயின்டோடு வார்டு ஆபீஸ் நிற்கிறது.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அங்கே லாரி லாரியாக மண் கொட்டினார்கள். அந்த மண்ணுக்கு அடியில் வாய்க்கால்தான் இருந்தது என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தெரிந்ததற்குத் தாள் இல்லை. தாள் இல்லாமல் நமக்குத் தெரிந்த எதையும் ஆபீசில் தெரிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த அக்டோபர் மழையில் தண்ணீர் பின்வாசல் வழியாக வந்து தையல் மெஷினின் மிதி வரைக்கும் ஏறியது. தீபாவளிக்குத் தைத்து வைத்திருந்த முப்பத்திரண்டு ஜாக்கெட்டும் சாக்கடையில் நனைந்தன. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நேராக ஆபீசுக்குப் போனேன். எஞ்சினியர் கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார்.

"நோடம்மா, இங்க பாரும்மா, இது கிளைமேட் சேஞ்ச். உலகம் பூரா இப்படித்தான். நூறு வருஷத்துல இல்லாத மழை. நாங்க என்ன பண்ண முடியும்?"

"மழை ஜாஸ்திதான் சார், ஒத்துக்கறேன். இனிமே இன்னும் ஜாஸ்தி ஆகும்னுதான் டிவியில சொல்றாங்க. அப்போ வாய்க்கால் இன்னும் அகலமால்ல இருக்கணும்?" என்று நானும் கன்னடத்திலேயே கேட்டேன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். வாய்க்காலை அகலமாக்கும் உத்தரவு பத்து நாளில் வந்தது. முப்பது அடி வாய்க்கால், அதில் ஆக்கிரமிப்பு ஒன்பது வீடு. என் வீடு நான்காவது. ஜனவரி பத்தாம் தேதி இடிப்பார்கள். சமையல்கட்டும் தையல் அறையும் போய்விடும். மிச்சம் இருப்பது ஒரு அறை. அதில் படுப்பதா, சமைப்பதா, தைப்பதா? அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் பழனிச்சாமி கார்ப்பரேஷன் பார்க்கில் செடிக்குத் தண்ணீர் விடுகிறவர். தினக்கூலி. "நீ பேசாம இருந்திருக்கலாம். இனிமேலாவது பேசாத. என் வேலையும் போயிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பேசாமல் இருந்தும் மற்ற எட்டு வீட்டுச் சுவரிலும் பெயின்ட் ஏறித்தானே இருந்தது.

அளந்துவிட்டுப் போன சர்வேயரை பஸ் ஸ்டாண்டில் மடக்கினேன். வெங்கடகிருஷ்ணன் என்று பெயர். தாத்தா காலத்திலிருந்து மைசூர் சர்க்கார் உத்தியோகம் பார்த்த குடும்பம். தமிழை இரவல் வாங்கியவர் போல ஜாக்கிரதையாகப் பேசினார்.

"பழைய சர்வே கல் ஒண்ணு இருக்கணும்மா. அதுலேர்ந்துதான் அளக்கணும். தேடிப் பாத்தேன், கிடைக்கலை. எஞ்சினியர் ஆபீஸ் சுவரை வெச்சு அளக்கச் சொன்னார். அதான் வாய்க்காலோட அந்தப் பக்கத்துக் கரைன்னு எழுதிக் கொடுத்தார்."

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஆபீஸ் சுவரைக் கரை என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து முப்பது அடியை எங்கள் பக்கமாக அளந்திருக்கிறார்கள். ஆபீஸ் வாய்க்காலுக்குள் இருக்கிறதா என்ற கேள்வியே வராமல் போய்விட்டது. நல்ல கெட்டிக்காரத்தனம்.

லிங்கராஜபுரத்து பெர்னதெத் என்னிடம் பல வருஷமாக ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவள். வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். விஷயத்தைக் கேட்டதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள்.

"போன மாசம்தான் தகவல் சட்டம் ஒண்ணு நாடு பூரா வந்திருக்கு. முப்பது நாள்ல பதில் சொல்லியாகணும். ஆனா ஒண்ணு சாந்தா, ஏன்னு மட்டும் கேக்காத. ஏன்னு கேட்டா கதை சொல்லுவாங்க. காப்பி குடுன்னு கேளு."

எனக்கு ஏன் என்று கேட்டுத்தான் பழக்கம். கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, இந்த இடத்தின் பழைய வரைபடத்துக்கு ஒரு காப்பி கேட்டேன். சர்வே ஆபீசிலிருந்து இருபத்தொன்பதாம் நாள் கவர் வந்தது. கல் இருக்கும் இடம் எங்கள் சந்து திரும்பும் மூலை. கல்லின் நம்பர் இருபத்து மூன்று. கல்லிலிருந்து கிழக்கே எண்பது அடியில் வாய்க்காலின் மேற்குக் கரை. அங்கிருந்து அகலம் முப்பது அடி. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. செதுக்கிய சதுரக் கல், எட்டு அங்குலம்.

எல்லாம் சரி, கல் எங்கே? நானும் பெர்னதெத்தும் அந்த மூலையில் குனிந்து குனிந்து தேடினோம். வேப்பமரம் இருந்தது, குப்பைத்தொட்டி இருந்தது, முனியப்பன் கோயில் இருந்தது. கல்லைக் காணோம்.

கோயில் என்றால் இடுப்பளவு மேடையும் தகரக் கூரையும்தான். பூசை பண்ணுவது கோமளம். காய்கறி வண்டி தள்ளுகிறவள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் புதரை வெட்டும்போது அவள் அம்மா கண்ணில் முனியப்பன் தானாகத் தென்பட்டாராம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனபோது, "ஆடிக்குத் தச்ச துணி இறுக்கமா இருக்குடி. தைக்குப் புதுசு தைக்கிறப்போ கொஞ்சம் தளர்த்தி வை" என்றாள் கோமளம்.

பதினாறு வருஷமாக முனியப்பனுக்கு நான்தான் துணி தைக்கிறேன். இறுக்கமாக இருக்க வாய்ப்பே இல்லையே என்று வீட்டுக்கு வந்து அளவு நோட்டைப் புரட்டினேன். முனியப்பன்: முன்பக்கம் எட்டரை, பின்பக்கம் எட்டரை, இடம் எட்டரை, வலம் எட்டரை. தைக்கிறவளுக்குத் தெரியும், மனுஷனோ சாமியோ யாருக்கும் நாலு பக்கமும் ஒரே அளவு வராது. அரை அங்குலம் நாற்பது வருஷத்து மஞ்சளும் எண்ணெயும். மிச்சம் எட்டு. நோட்டை மூடிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கவர்மென்ட் தேடுகிற கல்லுக்கு நான் வருஷத்துக்கு இரண்டு தடவை வேட்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் பயமாக இருந்தது. கோமளத்துக்குப் புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அந்த மேடைதான் எல்லாம். அவளிடம் போய் இதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் என் வீடு போகும். மறுநாள் காலையில் அவள் வண்டி நிற்கும் இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னடி சொல்ற? என் சாமியைப் பாத்துக் கல்லுங்கறியா?" என்றாள் கோமளம்.

"கல்லுன்னு நான் சொல்லலக்கா. சர்க்கார் நட்டு வச்சதுன்னு சொல்றேன்."

"சர்க்கார் நட்டதை எங்கம்மா கும்பிட்டாளா? போடி இங்கிருந்து."

"அக்கா, முனியப்பன் யாரு? எல்லையைக் காக்கற சாமி. ஊரு எல்லையில நிக்க வேண்டியவரு அங்கதானே நின்னிருக்காரு? நாப்பது வருஷமா ஒரு அங்குலம் நகந்தாரா? அந்த ஆபீஸ்தான் நகந்து வந்திருக்கு. அவரு வாயைத் திறந்து சொன்னாத்தான் ஒன்பது குடும்பம் பொழைக்கும்."

அவள் வண்டியில் தக்காளியை அடுக்கினாள், கலைத்தாள், மறுபடி அடுக்கினாள். நான் போகலாம் என்று திரும்பியபோது, "செருப்புக் காலோட எவனும் மேடையில ஏறக்கூடாது. சாமியை நான்தான் குளிப்பாட்டுவேன். அளக்கற டேப்பை நான்தான் பிடிப்பேன்" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுததில் எனக்கு வெட்கமில்லை.

வரைபடத்தின் காப்பியை வைத்து, மறுபடி அளக்கச் சொல்லி பெர்னதெத் எழுதிய கடிதத்துக்கு, ஜனவரி ஐந்தாம் தேதி அளக்க வருவதாகப் பதில் கிடைத்தது. அன்று காலை பத்து மணிக்குத் தெருவே கூடிவிட்டது. பாலாலும் தயிராலும் அபிஷேகம் செய்த கோமளம், எண்ணெய் ஸ்நானத்துக்குத் தேய்ப்பது போல சீயக்காய் போட்டுத் தேய்த்தாள். மஞ்சள் ஏடு ஏடாகக் கழன்றது. தலையில் ஒரு அம்புக்குறி தெரிந்தது. மார்பில் எண் தெரிந்தது, இருபத்து மூன்று. வெங்கடகிருஷ்ணன் வரைபடத்தைப் பார்த்தார், சாமியைப் பார்த்தார், தானாகவே ஷூவைக் கழற்றினார்.

டேப்பின் நுனியைக் கோமளம் முனியப்பன் தலையில் வைத்துப் பிடித்தாள். டேப் சந்துக்குள் ஓடி, என் வீட்டு முன்வாசலில் நுழைந்து, தையல் மெஷினைத் தாண்டி சமையல்கட்டுக்கு வந்தது. பின்சுவரில் எழுபத்தேழு. என் வீடு வாய்க்காலில் இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

"பாத்ரூம்?" என்றார் எஞ்சினியர்.

பாத்ரூமை நான் மறந்தே போயிருந்தேன். எண்பது அடி பாத்ரூமுக்கு உள்ளே விழுந்தது. அதன் வெளிச்சுவர் எண்பத்திரண்டில் இருந்தது. "பாருங்க, ஆக்கிரமிப்பு! நான் சொன்னது சரியாப் போச்சு. அளந்தது போதும்" என்று அவர் ஃபைலை மூடினார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பொய் சொல்ல முடியாது. இரண்டு அடி நாங்கள் தின்றதுதான். ஆனாலும், "போதாது சார். அகலம் முப்பது அடி அளக்கலியே?" என்றேன்.

வெங்கடகிருஷ்ணன் எஞ்சினியரின் முகத்தைப் பார்க்கவே இல்லை. டேப்பைக் கையில் பிடித்தபடி வாய்க்காலைத் தாண்டினார். எண்பத்தாறில் ஆபீஸ் சுவர். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். டேப் ஜன்னல் வழியாகப் போனது, கிளார்க் மேசை மேல் போனது, பீரோவை உரசிக்கொண்டு போனது. எஞ்சினியரின் மேசையையும் தாண்டி, அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் நூற்றுப்பத்து அடி வந்து நின்றது. வெளியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்த தெரு முழுக்கச் சிரித்தது. எஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் ஃபைலை மறுபடி திறந்தார். "இது சர்க்கார் பில்டிங். இதுக்கெல்லாம் மேலிடத்து உத்தரவு வேணும், வருஷக்கணக்குல ஆகும். பாத்ரூம் அப்படி இல்ல. அதை உடனே இடிக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் சத்தம் கேட்டது. பழனிச்சாமி. எங்கிருந்தோ ஒரு கடப்பாரையோடு வந்து எங்கள் பாத்ரூம் சுவரில் ஓங்கிப் போட்டார். பேசாதே பேசாதே என்று இரண்டு மாதமாகச் சொன்ன மனுஷன் அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. இடித்துக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கத்தார் கல்லை வாரினார்கள். அரை மணி நேரத்தில் வாய்க்காலுக்கு இரண்டு அடி திரும்பக் கிடைத்தது. வாளி மட்டும் தனியாக வெயிலில் நின்றது.

கையைத் துடைத்துக்கொண்டு எஞ்சினியர் முன்னால் போய் நின்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

"என்னோட ரெண்டு அடி போயாச்சு சார். உங்களோட இருபத்து நாலு அடி என்னிக்குன்னு தேதி எழுதிக் குடுங்க. காப்பி வேணும்."

அவர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். வெங்கடகிருஷ்ணன் மட்டும் குனிந்து, ஆபீஸ் வராந்தாவில் கிடந்த பெயின்ட் டப்பாவை எடுத்தார். முதலில் என் சமையல்கட்டுச் சுவருக்கு வந்து அந்த 4ஐக் கோடு போட்டு அடித்தார். பிறகு வாய்க்காலைத் தாண்டிப் போய், பச்சைச் சுவரில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற உயரத்தில், ஒரு பெருக்கல் குறி போட்டார். பக்கத்தில் 1 என்று எழுதினார்.