ஆறாவது பூ

புல்லில் பனி காய்வதற்கு முன்பே என் கணவர் எண்டெல் கத்தரிக்கோலோடு தோட்டத்தில் நின்றார். சிவப்பு பியோனிப் பூக்களில் பாதி விரிந்தவையாகப் பார்த்து ஏழு வெட்டினார். வெட்டியதும் எண்ணினார். ஈரத்துணியில் சுற்றும் முன் நானும் எண்ணினேன். எங்கள் நாட்டில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. உயிரோடு இருப்பவர்களுக்குப் பூவை ஒற்றைப்படையில்தான் கொடுப்போம். இரட்டைப்படையில் போகும் பூ இறந்தவர்களுக்கு மட்டும்.

"ஏழு. சரியா இருக்கு," என்றேன்.

"ஏன், எனக்கு எண்ணத் தெரியாதா?"

"நேத்து உருளைக்கிழங்க அடுப்புல வச்சுட்டு மறந்த ஆளுதானே நீங்க? அதான் பார்த்தேன்."

அவர் பதிலுக்குச் சீண்டாமல் இன்னொரு தடவை எண்ணினார். அவ்வளவு பயம் அவருக்கு.

எங்கள் பேத்தி பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மகள் கெர்லி தலைநகர் தால்லினின் பழைய நகரத்தில், லாய் தெருவில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறாள். கணவன் கிளெப், ரஷ்ய எல்லையோரத்து நார்வா ஊர்க்காரன், ரஷ்ய மொழி பேசும் வீட்டுப் பிள்ளை. எண்டெலின் தாத்தாவை ஒரு மார்ச் மாதக் காலையில் ரஷ்யச் சிப்பாய்கள் சைபீரியா ரயிலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. கிளெப் அதற்கு வெகுகாலம் கழித்துப் பிறந்தவன். ஆனாலும், "அந்த மொழி பேசுற வாய் என் மேசையில சாப்பிடாது" என்று சொல்லிவிட்டார் எண்டெல். திருமணத்துக்கும் போகவில்லை. மூன்று வருடமாக அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை.

அப்பா பிள்ளை பார்க்க வரலாமா என்று நான் கெர்லியிடம் தொலைபேசியில் கேட்டேன். "வரட்டும்மா. ஆனா என் பொண்ணுக்கு நல்லது நினைச்சு வந்தா மட்டும் வரட்டும். வாசல்ல வச்சு முகம் சுளிச்சார்னா அதோட முடிஞ்சுது. அப்புறம் நான் கூப்பிட மாட்டேன்," என்றாள்.

எண்டெலுக்கு வார்த்தைகள் வராது. அவர் பேச வேண்டியதை எல்லாம் அந்தப் பூக்கள்தான் பேசியாக வேண்டும்.

எங்கள் ஊர் ஹாப்சலுவில் இருந்து பஸ். மாலையில் திரும்ப வேண்டும். பழைய நகரத்து வீரு வாயிலில் வரிசையாக இருக்கும் பூக்கடைகளைத் தாண்டும்போது ஒரு கடைக்காரி குரல் கொடுத்தாள். "தாத்தா, பூவக் கையிலயே கொண்டு வந்துட்டீங்களே! நாங்க எல்லாம் கடைய மூடிட்டுப் போகவா?"

"மூடிட்டுப் போ. கால் வலிக்காம இருக்கும்," என்றார் எண்டெல். காலையில் இருந்து அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

பிள்ளை பார்க்கப் போகும்போது இனிப்பு ரொட்டி வேண்டும். நான் சுட்டது அடியில் கருகிவிட்டது. அதனால் வேனே தெருவில் ரஷ்யக் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய ரொட்டிக்கடையில் ஏலக்காய் மணக்கும் கிரிங்கல் ரொட்டி வாங்க நுழைந்தேன். எண்டெல் கோயில் படியருகே நின்றார். கடைக்கதவு திறந்தே இருந்ததால் அங்கே நடப்பது எனக்குத் தெரிந்தது, பேச்சும் கேட்டது.

படியில் கறுப்புத் துணியால் தலையை மூடிய ஒரு பெண் கையிலிருந்த பூக்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போவதும் திரும்புவதுமாக இருந்தாள். கடைசியில் யாரிடம் என்றில்லாமல் ரஷ்ய மொழியில் புலம்பினாள். "நாலு வாங்கினேன். டிராம்ல ஒருத்தர் இடிச்சதுல ஒண்ணு ஒடிஞ்சு போச்சு. இன்னைக்கு அவர் இறந்து நாப்பதாவது நாள். மூணு பூவ எப்படி வைக்கிறது? உள்ள மணி அடிச்சுட்டாங்களே!"

ரஷ்ய மொழியைச் சுத்தமாக மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரியும் என் கணவர், துணியைப் பிரித்து ஒரு பியோனியை உருவினார். "இத வச்சுக்கோங்கம்மா. நாலாயிடும்," என்றார். ரஷ்ய மொழியில். பள்ளிக்கூடத்தில் படித்த அதே திக்கலோடு.

அவள் அவர் கையைத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நான் ரொட்டிப் பெட்டியோடு வெளியே வந்து, "யாரு அது?" என்றேன்.

"யாரும் இல்ல. ரொட்டி சூடா இருக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேலே கேட்டால் கூச்சப்படுவார் என்று விட்டுவிட்டேன். மனதுக்குள் ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே கற்கள் பாவிய தெருவில் நடந்தேன். எதையும் எண்ணிப் பார்க்கும் நான், அந்த மகிழ்ச்சியில் பூக்களை எண்ண மறந்துவிட்டேன். அவரும் மறந்துவிட்டார்.

லாய் தெரு வீட்டின் மரப்படிக்கட்டு குறுகல். ஒரு படி ஆடி, எண்டெல் விழப் பார்த்தார். பூவைத்தான் முதலில் காப்பாற்றினார். மேலே போய் மணியை அழுத்தினோம்.

கிளெப் கதவைத் திறந்தான். தோளில் பால் துடைக்கும் துணி. அவன் பார்வை எண்டெலின் முகத்துக்குப் போய், பூக்களுக்கு இறங்கி, அங்கேயே நின்றது. எங்கள் ஊரில் யாருடைய கண்ணும் அப்படித்தான் நிற்கும். அவன் எண்ணிவிட்டான் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் நானும் எண்ணினேன்.

ஆறு.

ஒரு மாதக் குழந்தை இருக்கும் வீட்டுக்குச் சாவுப் பூ. எண்டெலும் குனிந்து பார்த்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. உள்ளே கெர்லியின் காலடி கேட்டது. "யாரு, அவங்களா?"

கிளெப் கையை நீட்டி ஒரு பூவை மெல்ல உருவினான். "அத்தை, இது உங்களுக்கு," என்று என் கையில் கொடுத்தான்.

கெர்லி குழந்தையோடு வந்து நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. ஐந்து. பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம தோட்டத்துப் பூவாப்பா?"

"ஆமாம்மா. உன் பொண்ணுக்கு..." அவ்வளவுதான் வந்தது.

"உள்ள வாங்க. இப்படிக் கதவுல நின்னா பிள்ளைக்குக் காத்து அடிக்கும்," என்றாள்.

பிறகு நான் காப்பிக் கோப்பைகளை எடுத்து வைக்கும்போது, சமையலறை ஜன்னலருகே எண்டெல் மருமகனிடம் மெதுவாகக் கேட்டார். "ஏன் அப்படிச் செஞ்சே?"

"தோட்டத்துல இருந்து எண்ணாமலா கொண்டு வந்திருப்பீங்க, மாமா? வழியில ஏதோ நடந்திருக்கும்னு நினைச்சேன்."

எண்டெல் கோயில் வாசலில் நடந்ததைச் சொன்னார். பாதி எங்கள் மொழியில், பாதி ரஷ்ய மொழியில். ஒரு தப்பைப் பார்த்ததும் அதன் பின்னால் ஒரு நல்ல காரணம் இருக்கும் என்று நினைக்கும் மனிதனை, ஆண்டவர் சரியான கதவில் நிறுத்தியிருந்தார். அந்த மனிதனை மூன்று வருடம் மேசைக்கு வராமல் வைத்திருந்தோம் நாங்கள்.

கிரிங்கலை வெட்டினோம். முதல் துண்டை எண்டெல் கிளெப்பின் தட்டில் வைத்தார். குழந்தை அவர் மடியில் தும்மியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கிளம்பும்போது எண்டெல் படிக்கட்டில் பாதியில் நின்று, ஆடிய அந்தப் படியைக் காலால் அழுத்திப் பார்த்தார்.

"இதுல பிள்ளையத் தூக்கிட்டு ஏறி இறங்குறீங்களா? சுத்தியல் இருக்கா வீட்டுல?"

"இல்ல மாமா."

"என்ன ஆளுய்யா நீ, சுத்தியல் இல்லாம குடித்தனம் பண்றே! சனிக்கிழமை நான் கொண்டு வரேன்," என்றார்.