ஏரிமேட்டுக் கோயில் கிண்ணமும் ரஹ்மத் பீவியின் அண்டாவும்

1921ஆம் வருஷ சீசனில், கொடைக்கானல் ஏரிமேட்டு வேதக்கோயிலில், திருவிருந்தின் வெள்ளிக் கிண்ணத்தில் இருந்தது மிஷன் மிஸ்ஸியம்மாளின் வாயில் மதுவாகவும், அவருக்கு அடுத்து மண்டியிட்டிருந்த கிழட்டுப் பாதிரி ஐயரின் வாயில் வெறும் கிஸ்மிஸ் சாறாகவும் இறங்கியது. ஒரே கிண்ணம், ஒரே மடக்கு அளவு. அன்று மூடுபனி வழக்கம்போல இருந்தது. பஜாரில் உருளைக்கிழங்கு விலையும் ஏறவில்லை.

கோடை வந்தால் சமவெளியிலிருந்து மிஷன்காரர்கள் அத்தனை பேரும் மலையேறிவிடுவார்கள். கீழே ஆளுக்கொரு கோயில், மேலே எல்லோருக்கும் அந்த ஒன்றுதான். ஆகவே ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் தெளித்தால் போதுமா, ஆளையே முக்க வேண்டுமா என்று வருஷா வருஷம் படகுத்துறை வரைக்கும் சண்டை நடக்கும். அந்த வருஷம் சண்டை கிண்ணத்துக்குள் விழுந்தது. குடிகாரப் புருஷன்மாரிடம் உதைபட்டு வந்த பெண்களுக்குச் சோறு போட்டவர் மிஸ்ஸியம்மாள். அவர்கள் உதட்டில் ஆண்டவர் பேரைச் சொல்லி மதுவை வைக்கமாட்டேன் என்றார். ஆண்டவர் குடித்தது மதுதானே, அவரைவிட நாம் யோக்கியர்களா என்றார் கிழட்டு ஐயர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதனால்தான் சண்டை தீரவில்லை. கடைசியில் சாறுதான் என்று முடிவானது. கிறிஸ்தவர் யார் காய்ச்சினாலும் எந்தக் கட்சியோ என்ற சந்தேகம் வரும். முஸ்லிம் வீடென்றால் புளிக்கவே விடமாட்டார்கள் என்று எல்லோருமே நம்பினார்கள். சாறு காய்ச்சும் வேலை, பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த பிச்சை முகம்மதுவின் மனைவி ரஹ்மத் பீவியிடம் வந்தது.

ரஹ்மத் பீவிக்குப் பிள்ளை இல்லை. ஈயம் பூசிய பெரிய செம்பு அண்டா ஒன்று இருந்தது. நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசலுக்கு அதில்தான் அவள் கஞ்சி காய்ச்சினாள். சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஊர்ப்பிள்ளைகள் கிண்ணத்தோடு வந்து அவளை மொய்த்துக்கொள்ளும். அந்த ஒரு மாதம் அவள் வீடு நிறைந்திருக்கும். மற்ற மாதங்களை அவள் எப்படியோ தள்ளினாள்.

அந்த வருஷம் சீசனும் நோன்பும் சேர்ந்தே வந்தன. முதல் ஞாயிற்றுக்கிழமை, விடியுமுன் சஹர் சோறு சாப்பிட்டு நோன்பு பிடித்தவள், ஊறிய கிஸ்மிஸை அதே அண்டாவில் காய்ச்சி, வெள்ளைத் துணியில் வடிகட்டி, கோயில் உபதேசியார் மாசிலாமணியிடம் கூஜாவில் கொடுத்தனுப்பினாள். நோன்பு வைத்திருந்ததால் ருசி பார்க்கவில்லை. அடுத்த ஞாயிறும் கிண்ணம் அதே வேலையைக் காட்டியது. கூஜாவைத் திருப்பிக் கொடுக்க வந்த உபதேசியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எது இருக்கக் கூடாதுன்னு ஒருத்தர் ஒத்தக் கால்ல நிக்கிறாகளோ, அவுக வாயில அதுதாம்மா வருது."

"ஒங்களுக்கு என்ன வந்துச்சுங்க?"

"எனக்கு ஒண்ணும் வெளங்கல. எறங்குனதும் செத்துப்போன எங்கய்யா நெனப்பு வந்துச்சு. அம்புட்டுத்தான்."

செய்திக்குக் கால் முளைக்கப் பெருமாள்மலை வரை போக வேண்டியதில்லை, பஜாரிலேயே முளைத்தது. பிச்சை முகம்மது வீட்டில் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்றார் பள்ளிவாசல் முத்தவல்லி இப்ராம்சா ராவுத்தர். சாராயம் பட்ட அண்டாவில் கஞ்சி ஹராம் என்றும் சொல்லிவிட்டார். அன்று வந்த கஞ்சி அப்படியே திரும்பிப் போனது. சுவரோரம் கிண்ணத்தோடு நின்ற பிள்ளைகளைப் பார்த்தபோதுதான் ரஹ்மத் பீவிக்கு அழுகை வந்தது. ஒரு வாரம் பார்த்தவரிடமெல்லாம் சாராயமில்லை, சாறுதான் என்று சத்தியம் செய்தாள்.

அடுத்த ஞாயிறு மாலை, கஞ்சி அண்டாவையும் காலையில் மிஞ்சிய கூஜாச் சாற்றையும் எடுத்துக்கொண்டு அவளே பள்ளிவாசல் வாசலுக்குப் போனாள். ஊரே கூடியிருந்தது.

"சாறுதான்னா அதக் குடிச்சு நோன்பத் தொறந்து காட்டு தாயி" என்றார் இப்ராம்சா ராவுத்தர்.

பாங்கு சொன்னார்கள். அல்லா மேல் சத்தியமாகச் சாறுதான் என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு உபதேசியார் சொன்னது நினைவுக்கு வந்தது. அவளைப் போல ஒற்றைக் காலில் நின்றவர் அந்த ஊரில் வேறு யார்? அவள் வாயில் அது மதுவாகத்தான் இறங்கும். நோன்பும் போகும், அண்டாவும் போகும். வாய்வரை வந்த சத்தியத்தை விழுங்கிவிட்டுக் கூஜாவின் மூடியைத் திறந்தாள்.

"என்னன்னு எனக்குத் தெரியாதுங்க மாமு" என்றாள். "கிஸ்மிஸையும் தண்ணியையும் போட்டுக் காச்சுனேன். அதுக்கு மேல நடந்தது என் சோலி இல்ல, அல்லா சோலி."

குடித்தாள். முகம் மாறவில்லை. இன்னொரு மடக்கும் குடித்தாள்.

"தண்ணி" என்றாள். "பச்சத் தண்ணிங்க. தாகத்துக்கு நல்லா இருக்கு."

இப்ராம்சா ராவுத்தர் கூஜாவை வாங்கி மோந்து பார்த்தார். வாரம் முழுக்கச் சாராயம், சாராயம் என்று ஒற்றைக் காலில் நின்றவரல்லவா, அவர் மூக்குக்குக் கல்யாண வீட்டுச் சர்பத் போல இனிப்பாக மணந்தது. தன் கிண்ணத்தை அண்டாவின் பக்கம் நீட்டினார். அவருக்கு முன்னே நாலு பிள்ளைகள் நுழைந்துவிட்டன.

அதன் பிறகு கிண்ணத்தைப் பற்றி யாரும் கமிட்டி போடவில்லை. மிஸ்ஸியம்மாளும் கிழட்டு ஐயரும் பல சீசன்களுக்கு ஒருவர் பங்கை மற்றவர் குடித்தார்கள். ஐயர் சீமைக்கு ஒரேயடியாகத் திரும்பிய வருஷம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் மண்டியிட்டார்கள். அன்று யாருக்கு என்ன வந்தது என்று இருவருமே சொல்லவில்லை. கிண்ணத்தில் என்ன இருந்தது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்பது அந்தக் கோயிலில் மரியாதைக் குறைவாகிவிட்டது. இரண்டாம் யுத்தத்தில் கிஸ்மிஸ் கிடைக்காமல் ரஹ்மத் பீவி மலைப் பிளம்ஸைக் காய்ச்சி அனுப்பினாள், அப்போதும் வித்தியாசம் தெரியவில்லை. நோன்பு வந்தால் அதே அண்டாவில் கஞ்சி காய்ச்சினாள். அது எல்லோர் வாயிலும் கஞ்சியாகவே இருந்தது.