பங்கேற்பாளர் பன்னிரண்டு

ரோஸ்லின் ட்ரேக்கின் ஒலிப்பதிவுக் கருவியிடம் யார் எதைச் சொன்னாலும், சொல்லி முடித்த கையோடு அது அவர்கள் நினைவை விட்டுப் போய்விடும். நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் பிடிக்கத் தடை வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு மீனவக் குடும்பங்கள் என்ன ஆயின என்பதுதான் ரோஸ்லினின் முதுகலை ஆய்வு. பிறந்த ஊரான கானர்ஸ் துறையில் பன்னிரண்டு பேரிடம் பேட்டி எடுப்பதாகத் திட்டம் எழுதிப் பேராசிரியர் வின்சரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டாள். பேட்டி கொடுப்பவர்களுக்கு இதனால் தீங்கு ஏதும் உண்டா என்று பல்கலைக்கழகத்தின் நெறிக்குழு கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினாள். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

முதலில் பேசியவர் கிழவர் ஆம்புரோஸ். தன் படகைத் தானே கொளுத்திய நாளை அழுது அழுது சொன்னார். தேநீர் ஆறுவதற்குள் முகம் தெளிந்துவிட்டது. வாசல்வரை வழியனுப்ப வந்தவர், முற்றத்தில் கிடந்த அந்தப் படகின் நங்கூரத்தைக் காலால் தட்டி, "இந்த இரும்பை இங்க கொண்டாந்து போட்டது யாரு?" என்றார். ரோஸ்லின் பதறிப்போய் வின்சருக்குத் தொலைபேசினாள். ஆய்வு முறையை மாற்றினால் மறுபடி குழுவுக்குப் போகவேண்டும், அது அடுத்த வசந்தம்வரை இழுக்கும் என்றார் அவர். "பேச்சு பதிவாயிருக்குல்ல? அப்ப தரவு பத்திரமா இருக்கு. அடுத்த ஆளைப் போய்ப் பாரும்மா."

விஷயம் ஊரில் பரவியது. யாரும் பயப்படவில்லை, மாறாக வரிசை கட்டினார்கள். புருஷன் தூர மேற்கே ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பாத லொரெட்டா, பழப்பாகு ஜாடியோடு வந்து, "என்னையும் சேத்துக்கோ கண்ணு, அந்த எருமையை மறந்து தொலைக்கணும்" என்றாள். ரோஸ்லின் சேர்த்துக்கொண்டாள். அந்தக் குளிர்காலத்தில் ரொட்டி விலை வழக்கம்போல ஏறியது, தூக்க மாத்திரை விற்பனை மட்டும் படுத்துவிட்டது.

பன்னிரண்டாவது ஆள் அவளுடைய அம்மா பிரைட். தடைக்குப் பிறகு ரோஸ்லினின் அண்ணன் லியோ, கரையோரத்துக்கென்று கட்டிய சின்னப் படகில் நண்டு பிடிக்க நடுக்கடலுக்குப் போனான். உடல்கூடக் கிடைக்கவில்லை. அவனுடைய ரப்பர் பூட்ஸை அடுப்பருகே வைத்து, பிரைட் வாரந்தோறும் துடைப்பாள். அந்தப் பேட்டி இல்லாமல் கடைசி அத்தியாயம் நிற்காது என்று வின்சர் எழுதிவிட்டார். ரோஸ்லின் நாளைக் கடத்தினாள். கடைசியில் அம்மாவே மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டே. என்னை மட்டும் ஏண்டி விட்டே?"

"லியோ உன்னைவிட்டுப் போயிடுவாம்மா."

"கடலுக்கு அவன் ஒரு தடவைதான் போனான். எனக்கு விடிஞ்சா விடிஞ்சா போறான். எட்டு வருஷம் தாங்கிட்டேன், போதும்."

"நல்லா யோசி. எப்ப வேணா விலகிக்கலாம்னு ஒப்புதல் தாள்லயே போட்டிருக்கு."

"பெத்தவகிட்டயே சட்டம் பேசுறியா? அமுக்குடி."

ரோஸ்லின் கருவியின் பொத்தானை அமுக்கினாள். அம்மாவுக்காகவா ஆய்வுக்காகவா என்று தெரியவில்லை என்றுதான் பிற்பாடு சொல்லிக்கொண்டாள். தெரியாமல் என்ன, தெரியும். பிரைட் எல்லாவற்றையும் சொன்னாள். பிறந்தபோது அவன் அழாதது, கடைசியாகப் பாகு ஊற்றித் தின்ற பொரித்த ரொட்டி, அன்று தைக்காமல் விட்ட காலுறை. முடித்ததும் எழுந்து, பூட்ஸைப் பார்த்து முகம் சுளித்து, கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினாள். ரோஸ்லின் சுவரிலிருந்த அண்ணன் படத்தைக் கழற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். எதைக் கொடுத்தோம் என்பதே தெரியாதவள் எப்படி விலகிக்கொள்வாள்?

பதிவைக் கேட்டு எழுதும் வேலை அந்தச் சமையலறையிலேயே நடந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்த பிரைட் கையை நிறுத்தினாள்.

"யாருடி அந்தப் பொம்பளை? குரலைக் கேட்டா நம்ம பக்கத்து ஆளாட்டம் இருக்கு."

"பங்கேற்பாளர் பன்னிரண்டு. பேரைச் சொல்லக் கூடாதும்மா. எழுதிக் குடுத்திருக்கேன்."

"சொல்லாதே, சொல்லாதே. பாவம், ஒரு காலுறையை நெனச்சு இந்தப் பாடு படுறா." மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொரு தடவை போடு."

வசந்தத்தில் ஆய்வேடு ஏற்கப்பட்டது. வின்சர் கடைசி அத்தியாயத்தைப் பாராட்டினார். ஆய்வேட்டில் ஆட்களின் பெயர் எதுவும் இல்லை.

அந்தக் குரலைக் கேட்ட நாளிலிருந்து ஞாயிறு பூசை முடிந்ததும் பிரைட், யாரென்று தெரியாத அந்தப் பெண்ணின் மகனுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். "லியோவாம், நல்ல பேரு" என்று பக்கத்தில் நிற்பவர்களிடம் சொல்வாள். கானர்ஸ் துறையில் எல்லோரும், ஆமாம், நல்ல பேரு என்பார்கள். ஊருக்கு வந்திருந்தால், தீக்குச்சியை உரசிக் கொடுப்பவள் ரோஸ்லின்தான்.